எட்டணாவுக்குள் ஐந்து குண்டு

அத்தியாயம் ஏழு

கிருஷ்ணப்பனின் பங்களா ஹாலில் பதினோரு தலைகள் சுவரில் மாட்டியிருந்தன. பன்னிரண்டாவது தலை சோபாவில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"அஞ்சு குண்டு. நூறு கஜம். ஒரு எட்டணாக் காசுக்குள்ள."

மூன்று வாக்கியத்துக்கும் நடுவில் அவர் கைதட்டலுக்கு இடம் விட்டார். கைதட்டியிருக்க வேண்டிய இன்ஸ்பெக்டர் முனிராஜுக்குக் கை ஒழியவில்லை. அவர் கையில் ஆட்டு நெஞ்செலும்பு இருந்தது. வழக்கை விசாரிக்க வந்த அதிகாரி, விசாரணைக்கு உரியவர் வீட்டு வாழையிலையில் உட்கார்ந்து எலும்பு உறிஞ்சும் சத்தத்தைத் துப்பறிவாளர் தீர்த்தகிரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். 

மிட்டா என்கிற குட்டி ஜமீன் முறையைச் சர்க்கார் ஒழித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் செய்தி தொப்பூர் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த பங்களாவுக்கு 1970 வரை வந்து சேரவில்லை. வாசல் பலகையில் 'மிட்டாதார்' என்றே எழுதியிருந்தது. சென்ற மாதம்தான் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மலையோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாது என்பவனின் இடுப்பில் குண்டு ஒன்று பாய்ந்து மறுபக்கம் போய்விட்டது. அதே நேரத்தில் அதே மலையோரத்தில் கிருஷ்ணப்பன் தன் புது ரைபிளால் காட்டுப் பன்றி ஒன்றைச் சுட்டார். பக்கத்து ராகிக் காட்டில் சவரிராயன் என்ற குடியானவன் இருந்தான். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவனிடம் உண்டு. மாதுவின் ஆடுகள் ராகியில் மேய்ந்ததற்காக இரண்டு நாளைக்கு முன் அவனோடு சண்டையும் போட்டிருந்தான். முனிராஜ் இருபது நிமிஷத்தில் விசாரணையை முடித்துச் சவரியை ஜீப்பில் ஏற்றினார். திங்கட்கிழமை அவனைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

இன்று சனிக்கிழமை. சவரியின் மனைவி ராஜமேரி அழவில்லை. நேற்று தீர்த்தகிரியின் மேஜை முன்னால் நின்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "ராகி முத்தி நிக்குதுங்க. துப்பாக்கியும் போலீசுல, ஆளும் போலீசுல. பன்னி மட்டும் வெளியில இருக்குது."

அதனால்தான் தீர்த்தகிரி இந்த பதினொன்று கூட்டல் ஒன்று தலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பதினாலு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்த மனுஷர். துப்பாக்கியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பல்வலி வரும். பக்கத்தில் அவருடைய உதவியாளர் லூர்து மேரி. தர்மபுரியில் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற நாற்பத்திரண்டு வயதுக்காரி. நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை சுருக்கெழுத்தில் எடுப்பாள். பேசுவது அதைவிட வேகம்.

"சுடறதைப் பாக்கறதுக்கு ஜனங்க வந்திருந்தாங்களா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

வராமல் என்ன. ஆயுத பூஜையன்று தாசில்தார், பெரிய டாக்டர், முனிராஜ் எல்லோரும் சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். புது ரைபிள். தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளிப் பூட்டுகிற ரகம். அன்று குறிக்கு வைத்து ஐந்து ஓட்டை விழுந்த அட்டை இப்போது கண்ணாடி போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, காட்டெருமைத் தலைக்குக் கீழே தொங்கியது.

"பன்னி புளியமரத்தடியில நின்னுது. எடது காது கிழிஞ்ச ஆம்பளப் பன்னி. இந்த ஆட்டுக்காரன் அதுக்கும் பின்னால, இருநூத்தம்பது கஜத்துல, அஞ்சடி வலப்பக்கம் தள்ளி நின்னான்னு இன்ஸ்பெக்டரே அளந்து எழுதியிருக்காரு. எட்டணாவுக்குள்ள சுடற ரைபிள் அஞ்சடி தள்ளிப் போகுமா? நீங்களே சொல்லுங்க."

"போகாதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் எலும்பை வெளியே எடுத்து.

"அந்தப் பன்னி எங்கங்க?" என்றாள் மேரி.

"அடிபட்டுக் காட்டுக்குள்ள போய்ச் செத்துது."

மேரி சுவரைப் பார்த்தாள். "பாவம், இதுங்க பதினொண்ணுக்கும் வழி தெரியல போல. நேரா வூட்டுக்கே வந்து செத்திருக்குதுங்க."

புள்ளிமான் தலையின் காதுக்குப் பின்னால் மைசூர் ஏலக்கடைச் சீட்டு ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்ததை அவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள். சிறுத்தையின் ஒரு கண் விழுந்துபோய், அந்த இடத்தில் பிள்ளைகள் ஆடுகிற கோலிக்குண்டு ஒட்ட வைத்திருந்தது. பச்சை நிறம். வருகிறவர்களை எல்லாம் அது ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி ரைபிளைப் பார்க்கலாமா என்றார். கிருஷ்ணப்பன் அதைப் பட்டுத் துணியிலிருந்து, மணப்பெண்ணின் முக்காட்டை விலக்குவது போல் விலக்கிக் காட்டினார். குழலின் நுனியில் குறி பார்க்கிறதற்காக நிற்கும் சின்ன முள்ளுக்குத் தங்க முலாம் பூசியிருந்தது. தீர்த்தகிரி கட்டைவிரலால் அதன் அடிப்பாகத்தைத் தடவினார்.

"இந்த முள்ளு…"

"பாத்தீங்களா? கண்டுபிடிச்சிட்டீங்க." கிருஷ்ணப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கடையிலருந்து வந்தப்ப கோணலா இருந்துது. நடுவுல இல்லாம ஒரு துவரம்பருப்பு அகலம் வலப்பக்கம் ஒதுங்கி நின்னுது. இவ்வளவு பெரிய வேலை செஞ்சவனுக்கு அதை நடுவுல வைக்கத் தெரியல பாருங்க. நம்ம பத்தரைக் கூப்பிட்டுத் தட்டி நேராக்கி முலாம் பூசச் சொன்னேன். இப்ப பாருங்க, நெத்தியில பொட்டு வச்ச மாதிரி."

தீர்த்தகிரி ரைபிளைப் பட்டுத் துணியில் திரும்பப் படுக்க வைத்தார். அவர் இப்படி மௌனமாவது இரண்டே சந்தர்ப்பங்களில்தான் என்று மேரிக்குத் தெரியும். ஒன்று, எதிரில் இருப்பவன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போது. இன்னொன்று, அவருக்குக் குமட்டும்போது. இப்போது இரண்டும் சேர்ந்துவிட்டன.

*

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றதும் மேரி ஆரம்பித்தாள்.

"சார், அந்த அட்டையை நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அஞ்சு ஓட்டை."

"நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு. கோலப்புள்ளி மாதிரி. குண்டு போட்டாங்களா, கோலம் போட்டாங்களான்னு எனக்குச் சந்தேகம். பக்கத்துல இன்னும் ரெண்டு அட்டை மாட்டியிருக்காரு. அம்பத்தெட்டுல பழைய துப்பாக்கி, அறுவத்தஞ்சுல இன்னொரு துப்பாக்கி. அதுலயும் நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு. துப்பாக்கி மாறியிருக்கு, வருஷம் மாறியிருக்கு, கோலம் மாறல."

தீர்த்தகிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய பாராட்டு. அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

"இன்னொண்ணு. என்கிட்ட டைப் படிக்க வர்றதுங்க முற்றுப்புள்ளியை ஓங்கிக் குத்தும். பேப்பர்ல ஓட்டையே விழுந்துடும். திருப்பித் தடவினா பின்பக்கம் பிசிறு தட்டும். குத்தறது முன்னாலருந்து, பிசிறு பின்னால. குண்டும் அப்படித்தான சார் போகணும்? இவரு அட்டையில பிசிறு முன்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு. கண்ணாடியிலயே முட்டுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணு, மிட்டாதாருங்க அட்டைக்குப் பின்னால நின்னு தன்னைத்தானே பாத்துச் சுட்டிருக்கணும். இல்லேன்னா அட்டைக்குப் பின்னால வேற யாரோ நின்னிருக்கணும்."

தாசில்தாரும் டாக்டரும் இன்ஸ்பெக்டரும் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள். மூன்று பேரும் படித்தவர்கள். மூன்று பேருக்கும் விரல் இருந்தது. தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று பிரியாணி என்று பேச்சு.

சுடும் திடல் பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு முனையில் மேஜையும் மணல் மூட்டையும். நூறு கஜம் தள்ளி இரண்டு கழிகள்; கழிகளுக்கு நடுவே அட்டையை இழுத்துக் கட்டுவார்கள். அட்டைக்குப் பின்னால் ஆளுயர மண்கரை. ஓரத்தில் ஒரு பள்ளம். சுட்டு முடிகிற வரை பள்ளத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு ஏறி வந்து, எத்தனை எங்கே பட்டது என்று கத்திச் சொல்வதற்கு ஓர் ஆள். அந்த ஆள் பெரியண்ணன். அறுபது வயசு. கிருஷ்ணப்பனின் அப்பா காலத்திலிருந்து இதே வேலை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவரைக் கிருஷ்ணப்பன் "டேய் பெரியண்ணா" என்று கூப்பிடுவதைக் காலையில் இருவரும் கேட்டிருந்தார்கள்.

தீர்த்தகிரி நேரே மண்கரைக்குப் போனார். அட்டை கட்டும் இடத்துக்கு நேர் பின்னால் கரை வழவழவென்று இருந்தது. அங்கிருந்து இரண்டு அடி வலது பக்கம், ஓர் உள்ளங்கை அகலத்துக்குள், கரையில் ஒரு குழி. குச்சியை விட்டுக் கிளறினார். குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்தன.

"பெரியவரே," என்றாள் மேரி. "காதுல என்னங்க அது?"

பெரியண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுட்டுவிரல் கனத்தில் பாதி இருக்கும். முனை சீவாத பென்சில். மேரி அதை வாங்கி, கரையிலிருந்து எடுத்த குண்டோடு பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே பருமன்.

"பழைய துப்பாக்கிக்கு வெரல்லயே குத்துவேங்க," என்றார் பெரியண்ணன். ஒளிக்கிற மாதிரி அவருக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காக யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. "பெரிய மிட்டாதாரு ஒரு தடவை ஒண்ணும் படலீங்கன்னு சொன்னதுக்கு எங்கப்பாவைச் சாணிக் குழியில நிக்க வச்சாருங்க. பொழுது சாயற மட்டும். அதுலருந்து எங்க வூட்டுல யாரும் படலைன்னு சொன்னதில்ல. அட்டைக்குப் பின்னால நின்னா அய்யாவுக்குக் கை தெரியாதுங்க. தடவிப் பாத்து நடுவுல ஒண்ணு வச்சுருவேன். அப்புறம் சுத்தி நாலு. பாக்க லட்சணமா இருக்கும்."

"அய்யாவுக்குத் தெரியாதா?"

"அய்யாவுக்கு எப்படிங்க தெரியும்? அய்யாதான் நல்லாச் சுடறவராச்சே."

தீர்த்தகிரி கரைமேல் உட்கார்ந்துவிட்டார். மிட்டாதார் பொய் சொல்கிறார் என்று நினைத்துத்தான் அவர் தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினார். பொய்யனைப் பிடிப்பது அவர் தொழில். ஆனால் கிருஷ்ணப்பன் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தன்னைச் சுற்றியிருந்த ஒவ்வொருவனும் சொன்ன பொய்யை உண்மை என்று நம்பி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, சந்தனம் வைத்திருந்தார். பொய்யனிடமாவது ஒரு மரியாதை உண்டு. தான் செய்வது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை நீங்க கூட இருந்தீங்களா?" என்றார் கடைசியில்.

பெரியண்ணன் தலையசைத்தார். மாது விழுந்ததை அவர் பார்த்தார். பன்றி ஒரு மயிர்கூடக் கலையாமல் ஓடியதையும் பார்த்தார்.

"அய்யா, 'பட்டுதாடா'ன்னு கேட்டாரு. 'பட்டுதுங்க'ன்னேன். அது பொய் இல்லீங்களே." அவர் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எதும்மேலன்னு அவரு கேக்கலீங்க."



இப்படித்தான் சாட்சி சொல்வீர்களா என்று தீர்த்தகிரி கேட்டதற்கு, தான் இருக்கும் குடிசை அய்யாவின் இடத்தில் இருப்பதாகப் பெரியண்ணன் பதில் சொன்னார். சவரிராயன் இருக்கும் இடம் யாருடைய இடம் என்று மேரி திருப்பிக் கேட்டாள். பெரியவர் அவளிடமிருந்து பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார்.

*

போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். மாதுவுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்தான். இடுப்புக் கட்டின்மேல் ஈ. அவனைச் சுட்டது நாட்டுத் துப்பாக்கிதானா என்று இதுவரை அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டபோது, புகையே பார்க்கவில்லை என்றான். சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம் என்றான். சவரியின் துப்பாக்கி சுட்டால் அரைக் காட்டுக்குப் புகை நிற்கும். இடி மாதிரி முழங்கும்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"டாக்டரு ஞாயித்துக்கிழமை மிட்டாதாரு வூட்டுல விருந்து, அதுக்குத் துணி எடுக்கணும்னு அவசரமாப் போயிட்டாருங்க," என்றான் மாது. அவன் குரலில் குறை இல்லை. அதுதான் தீர்த்தகிரிக்கு அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு விருந்தா? நல்லதாப் போச்சு," என்றார்.

*

கிருஷ்ணப்பனைச் சம்மதிக்க வைப்பது கொசுவைக் கடிக்கச் சம்மதிக்க வைப்பதைவிடச் சுலபமாக இருந்தது. கோர்ட்டில் காட்ட, பெரிய மனிதர்கள் முன்னிலையில் இன்னொரு அட்டை சுட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தீர்த்தகிரி கேட்டார். அவ்வளவுதான். கிருஷ்ணப்பன் சுருக்கு வைத்த தலைப்பாகையே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சாமியானாவுக்கு அடியில் தாசில்தார், டாக்டர், இன்ஸ்பெக்டர். கையில் கலர் சோடா. ஒத்தாசைக்கு என்று மேரி பெரியண்ணனோடு அந்தப் பக்கம் போனாள். கொடியில் உலர்ந்துகொண்டிருந்த மிட்டாதாரின் எட்டு முழ வேட்டியை எடுத்து, அட்டைக்குப் பின்னால் குறுக்கே விரித்து, இரண்டு முனையையும் கழிகளுக்கு வெளியே நட்ட மூங்கில்களில் இழுத்துக் கட்டினாள்.

"அது எதுக்கு?" என்று இங்கிருந்து கத்தினார் கிருஷ்ணப்பன்.

"பின்னால வெள்ளையா இருந்தா அட்டை எடுப்பாத் தெரியும்ங்க," என்றார் தீர்த்தகிரி. தன் வேட்டிக்கு அப்படி ஒரு பதவி கிடைத்ததில் கிருஷ்ணப்பனுக்கு ஆட்சேபம் இல்லை.

மேரியும் பெரியண்ணனும் பள்ளத்தில் இறங்கினார்கள். கிருஷ்ணப்பன் மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்தார். கைப்பிடி ஏறி இறங்கியது. ஐந்து சத்தம். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் "அடடா" என்றார். நூறு கஜத்துக்கு அப்பால் என்ன நடந்தது என்று தெரியாமலே சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. தாசில்தார் கண்ணை மூடி அனுபவித்தார்.

அங்கே பெரியண்ணன் அட்டைக்குப் பின்னால் போய் நின்றார். கை தானாகக் காதுக்குப் போனது. மேரி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பென்சில் அட்டையைத் தொட்டது. அப்படியே நின்றது. பிறகு அவர் அதை எடுத்து, மண்கரையில் குண்டுகள் கிளறியெடுத்த குழிக்குள் செருகிவிட்டார்.

இருவரும் வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, தேர்ச்சீலை மாதிரி சாமியானாவுக்குக் கொண்டுவந்தார்கள். அட்டை அதன் நடுவில் ஊசி குத்தித் தொங்கியது. அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. வேட்டியில், அட்டைக்கு வலது பக்கம் இரண்டு அடி தள்ளி, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஐந்து ஓட்டை.

டாக்டர் "அட" என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"ரைபிள் நல்ல ரைபிள்," என்றார் தீர்த்தகிரி. "அஞ்சையும் ஒரே எடத்துல போடுது. நீங்களும் நடுங்காமத்தான் சுடறீங்க. ஆனா அது போடற எடம் நீங்க பாக்கற எடம் இல்ல. கடைக்காரன் அந்த முள்ளைக் கோணலா வச்சது தெரியாம இல்ல. சுட்டுப் பாத்து, குண்டு நேராப் போற எடத்துல வச்சு அனுப்பினான். நீங்க முள்ளை நேராக்கி குண்டைக் கோணலாக்கிட்டீங்க. நூறு கஜத்துல ரெண்டு அடி. மாது இருந்தது இருநூத்தம்பது கஜம். கணக்குப் போட்டுக்குங்க. அஞ்சு அடி. இன்ஸ்பெக்டர் அளந்து எழுதின அதே அஞ்சு அடி."

முனிராஜ் தன் நோட்டுப் புத்தகத்தை மெதுவாகச் சட்டைக்குள் நகர்த்தினார்.

கிருஷ்ணப்பன் வேட்டியைப் பார்க்கவில்லை. தாசில்தார் முகத்தைப் பார்த்தார். தாசில்தார் சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிற குலுக்கல்.

"பெரிய விஷயமில்லைங்க," என்றார் தீர்த்தகிரி. "குறி தவறிப் பட்டுடுச்சுன்னு ஒரு வாக்குமூலம் குடுத்தாப் போதும். எதிர்பாராம நடந்தது. கோர்ட்டுல லேசாப் போயிடும். சவரியும் நாளைக்கு வெளியில வந்துருவான்." சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

கிருஷ்ணப்பன் அதை எடுத்துப் படித்தார். 'குறி தவறி' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. 

"டேய் பெரியண்ணா. இங்க வாடா. நீ சொல்லு. அன்னைக்கு என் குண்டு பன்னிமேல பட்டுதா, இல்லையா?"

பெரியண்ணன் வேட்டி முனையைக் கையில் பிடித்தபடியே நின்றார். 

"தப்பிடுச்சுங்கய்யா," என்றார்.

அந்த எஸ்டேட்டில் அந்த வார்த்தை அதற்கு முன் சொல்லப்பட்டதில்லை. அதனால் கிருஷ்ணப்பனுக்கு அது முதலில் புரியவேயில்லை. புரிந்தபோது தாசில்தாருக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. சோடாவோடு.

"கிருஷ்ணப்பன் வச்ச குறி தப்பினதில்ல," என்றார் மிட்டாதார். குரல் கிறீச்சென்று ஏறியது. "அன்னைக்கும் தப்பல. நான் எதைச் சுட்டேனோ அதும்மேலதான் பட்டுது. பன்னியாவது, மண்ணாவது. அந்த ஆட்டுக்காரப் பயலைத்தான் பாத்துச் சுட்டேன். ஒரே குண்டு. இருநூத்தம்பது கஜம். எவனாச்சும் சுட்டுக் காட்டுங்கடா பாக்கலாம்."

"ஐயா," என்றார் முனிராஜ் எழுந்து. "நீங்க பேசறது… எனக்குக் காது இன்னும் அடைச்சிருக்கு. ஒண்ணும் கேக்கலீங்க."

"எனக்குக் கேட்டுச்சுங்க," என்றாள் மேரி. கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து முதல் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் டைப் அடிச்சுட்டேன். இதுல 'குறி தவறிப் பட்டது'ன்னு இருக்கு. இதுல 'குறி பார்த்துச் சுட்டேன், குறி தவறவில்லை'ன்னு இருக்கு. ரெண்டுல எதுல கையெழுத்துப் போட்டாலும் சவரி வெளியில வந்துருவான். அய்யா விருப்பம்."

தீர்த்தகிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதை அவர் அடிக்கச் சொல்லவில்லை.

முனிராஜ் முதல் காகிதத்தை விரலால் மிட்டாதார் பக்கம் நகர்த்தினார். டாக்டர் மிட்டாதார் காதில் என்னவோ கிசுகிசுத்தார். ஒன்றுக்கு அபராதம், இன்னொன்றுக்குப் பத்து வருஷம் என்று சொல்லியிருக்க வேண்டும். கிருஷ்ணப்பன் தாசில்தாரின் ஈரமான மீசையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, இரண்டாவது காகிதத்தில், பக்கத்தின் அகலம் முழுவதும் வருகிற மாதிரி, 'மிட்டாதார்' என்ற பட்டத்தோடு கையெழுத்துப் போட்டார். எழுத்து ஒன்றுகூட நடுங்கவில்லை.

தாசில்தார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்டுக் கொடுக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகிறான், இன்னொரு மனுஷன் வராந்தாவில் ஈ மொய்க்கக் கிடக்கிறான். அவருக்கு இந்த வருஷத்தில் இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை அமையவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் தீர்த்தகிரி, பஸ்ஸுக்கு நடக்கையில்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல வெக்கப்படறவங்களை தெனம் பாக்கறேன் சார். டைப் அடிச்சதுல பிழையைக் காட்டினா, 'வேணும்னுதான் அப்படி அடிச்சேன்'னு என்கிட்டப் படிக்கிறதுங்க சொல்லும்."

*

முனிராஜ் மிட்டாதாரை ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனார். கதவையும் அவரே திறந்துவிட்டார். சவரிராயனை அழைத்துப் போனது பின்னால், ஸ்டெப்னி டயரின் மேல்.

திங்கட்கிழமை சாயங்காலம் சவரி வீட்டுக்கு வந்தான். துப்பாக்கி வரவில்லை. அது வர மூன்று மாதம் ஆகும், மனுப் போட வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். பெரியண்ணன் தட்டுமுட்டுச் சாமான்களோடு சவரியின் களத்து மேட்டில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். எஸ்டேட்டுக் குடிசை அன்று காலையிலேயே போய்விட்டது. ராஜமேரி அவருக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரம். ராகிக் காட்டில் சரசரவென்று சத்தம். சவரி திரும்பினான். பாதிக் காடு ஏற்கனவே சாய்ந்து கிடந்தது. அதன் நடுவில், காட்டுக்குள் போய்ச் செத்துவிட்ட அந்தப் பன்றி, இடது காது கிழிந்த அதே ஆண் பன்றி, கதிரை உருவி மென்றுகொண்டிருந்தது. முன்னைவிடக் கொழுத்திருந்தது.

சவரி குனிந்து ஒரு கல்லை எடுத்தான். குறி பார்க்கவில்லை. எறிந்தான்.

பன்றி அலறிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடியது.

"பட்டுதா?" என்று கேட்டாள் ராஜமேரி உள்ளேயிருந்து.

"பட்டுதும்மா," என்றார் பெரியண்ணன். "பன்னிமேல."